கூர்மையாக வந்த படம்

படம் மங்கலாக வந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் எத்தனையோ பேர். படம் இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே என்று தலையில் அடித்துக்கொண்ட ஒரே ஆள் படக்காவாகத்தான் இருக்க வேண்டும்.

'படம் எடுக்கிற அக்கா' என்று முழுசாகச் சொல்ல அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் பொறுமையில்லை. வார்டு ஆயாவிலிருந்து பெரிய டாக்டரம்மா வரை எல்லோருக்கும் அவள் படக்காதான். தோல் நோய்ப் பிரிவில் அவளுக்குத் தனி அறை உண்டு. அறை என்று சொல்வது மரியாதைக்காக. அழுக்குத் துணி மூட்டைகள் கிடந்த மூலையில் ஒரு தடுப்பை வைத்து, மேசை, முக்காலி, கழுத்து வளைகிற விளக்கு, பூட்டு போட்ட அலமாரி என்று கொடுத்திருந்தார்கள். அலமாரிக்குள் அந்தக் கேமரா. மூடியிருந்தால் சாப்பாட்டு டப்பா போலத் தட்டையாக இருக்கும். முன்மூடியைத் திறந்து இழுத்தால் கறுப்புத் துருத்தி மடிப்பு மடிப்பாக நீண்டு, அதன் முனையில் லென்ஸ் வந்து 'டக்'கென்று நிற்கும். எடுத்த படத்தைக் கழுவ இருட்டறைக்கு ஓட வேண்டியதில்லை. பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற தாளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து, கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, மேல்தாளை உரித்தால் ஈரம் காயாத படம் கையில் இருக்கும்.

எட்ட இருக்கிற ஆளை எடுப்பதானால் அதில் ஃபோகஸ் பண்ணுவது பெரிய வித்தையில்லை. பார்க்கிற கண்ணாடிக்குள் ஓர் ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். துருத்தியை முன்னே பின்னே நகர்த்தி இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டால் முடிந்தது. ஆனால் மச்சம், தடிப்பு, புண் என்று கிட்டத்தில் எடுப்பதற்கு அது உதவாது. அதற்கு லென்ஸின் மேலே இன்னொரு லென்ஸை மாட்டி, முன்னால் ஒரு கம்பிச் சட்டத்தைப் பொருத்த வேண்டும். இரண்டு கம்பிக் கால்கள், அவற்றின் முனையில் சின்னதாக ஒரு கம்பிச் சதுரம். அந்தச் சதுரம் தோலைத் தொட்டால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் கத்தி மாதிரி கூர்மையாக விழும். தொடாமல் ஒரு தீக்குச்சிக் கனம் தள்ளி நின்றாலும் போச்சு. இதில் யோசிக்க ஒன்றுமில்லை, அழுத்திவிட்டு எடு, அவ்வளவுதான் என்பாள் படக்கா, யாராவது கேட்டால்.

அவள் கணவர் தையல்காரர். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை. அவருடைய வலது கட்டைவிரலின் சதையில், கத்தரிக்கோலின் வளையம் உரசுகிற இடத்தில், ஒரு கறுப்புப் புள்ளி வந்திருந்தது. முதலில் மைக்கறை என்று நினைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். போகவில்லை. அழுத்தினால் வலித்தது. அப்போதிருந்த டாக்டர் பார்த்துவிட்டு, "மச்சமாவும் இருக்கலாம், கெட்டதாவும் இருக்கலாம். மாசா மாசம் படம் எடுத்து வையுங்க. பரவுதான்னு பார்ப்போம்" என்று சொன்னார். சொன்ன கையோடு மாற்றலாகிப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்த பெரிய டாக்டரம்மா அந்த விரலை அறிந்ததெல்லாம் படக்கா எடுத்த ஐந்து படங்களின் மூலமாகத்தான். மாதம் ஒரு தடவை படங்களை வரிசையாகப் பரப்புவார், பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார், "அப்படியேதான் இருக்கு" என்று சொல்லி அனுப்புவார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு படக்கா ஒரு மாதம் மூச்சு விடுவாள்.

இந்த மாதம் படமெடுக்கிற நாளில் படக்காவுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாகப் படம் எடுத்தது எக்ஸ்ரே அக்கா.

எக்ஸ்ரே அக்காவை ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். கை உடைந்தவனைக்கூட, "அசையாதே, அசைஞ்சா இன்னொரு தடவை எடுக்கணும்" என்று அதட்டி, உடைந்த கையையே பிடித்து மேசையில் அமுக்குகிறவள். ஈவு இரக்கம் என்பதெல்லாம் அவள் அறைக்கு வெளியே செருப்போடு விட்டுவிட்டு வர வேண்டிய சமாசாரம். ஆனால் அவள் எடுத்த எக்ஸ்ரே எதுவும் திரும்ப எடுக்கச் சொல்லி வந்ததில்லை.

காய்ச்சல் விட்டு வேலைக்கு வந்த அன்று நண்பகலில், பெரிய டாக்டரம்மா படக்காவைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஆறு படங்கள் இருந்தன. ஐந்து ஒரு மாதிரி, ஆறாவது வேறு மாதிரி. ஐந்திலும் கறுப்புப் புள்ளி உருண்டையாக, விளிம்பு வழவழப்பாக, சாதுவாக இருந்தது. ஆறாவதில் அதே புள்ளி விளிம்பெல்லாம் பல் பல்லாக, ஒரு பக்கம் கால் நீட்டி, சுற்றிலும் கடுகு சிதறின மாதிரி பொடிப் புள்ளிகளோடு கிடந்தது.

"ஒரே மாசத்துல இப்படி ஆகியிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "காலைல அவரை வரச்சொல்லி நேர்லயும் பார்த்தேன். படத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கு."

படக்கா அந்த ஆறாவது படத்தைக் கையில் எடுத்தாள். "கொஞ்சமா வெட்டிப் பார்த்து..." என்று ஆரம்பித்தாள்.

"இதுல கொஞ்சமா வெட்டறதெல்லாம் நான் செய்ய மாட்டேன். கிளறிவிட்டா பரவும். வெட்டினா முழுசா வெட்டணும். கட்டைவிரலை அடிக்கணு வரைக்கும் எடுத்துடலாம். இப்பவே எடுத்தா கை தப்பிக்கும், ஆளும் தப்பிப்பார். நாளன்னிக்குக் காலைல வெச்சுக்கலாம். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

தையல்காரருக்கு வலது கட்டைவிரல் இல்லையென்றால் என்ன இருக்கிறது? கத்தரிக்கோலைப் பிடிக்க அது வேண்டும். ஊசியில் நூல் கோக்க வேண்டும், துணியைத் தள்ள வேண்டும், சாக்குக் கட்டியைப் பிடித்துக் கோடு இழுக்க வேண்டும். இதெல்லாம் டாக்டரம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. அவர் சொன்ன குரலிலேயே அது தெரிந்தது. அதனால்தான் படக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

தன் அறைக்கு வந்ததும் அவள் செய்த முதல் வேலை, பழியைத் தூக்கிப் போட ஓர் ஆளைத் தேடியது. எக்ஸ்ரே அக்கா கேமராவைத் தப்பாகப் பிடித்திருப்பாள். கை ஆடியிருக்கும், ஆடினால் விளிம்பு பல் பல்லாகத் தெரியும். சட்டம் வளைந்திருக்கும். மேல் லென்ஸைச் சாய்வாக மாட்டியிருப்பாள். ஆறாவது படத்தை விளக்கடியில் வைத்து, மருமகள் கூட்டிய வாசலைப் பார்க்கிற மாமியார் மாதிரி குற்றம் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. விரல் ரேகைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நூல் பிடித்தாற்போல் ஓடின.

படம் சரியென்றால் கேமரா தப்பாக இருக்கட்டும் என்று கேமராவைப் பிடித்துக்கொண்டாள். துருத்தியை இழுத்து லென்ஸ் கடைசிவரை வந்து நிற்கிறதா என்று பார்த்தாள். நின்றது. மேல் லென்ஸைக் கழற்றி மாட்டினாள். இறுக்கமாக உட்கார்ந்தது. கைப்பையில் எப்போதும் கிடக்கிற கணவரின் அளவு டேப்பை எடுத்து, கம்பிச் சதுரத்துக்கு ஊடே சாய்வாகப் போகும்படி ஒட்டி, ஒரு படம் எடுத்தாள். சதுரம் தொடுகிற இடத்து எண் கூர்மையாகவும், அதற்கு முன்னும் பின்னும் இருக்கிற எண்கள் மங்கலாகவும் விழுந்தால் சட்டம் சரி. கூர்மை வேறு எண்ணில் விழுந்தால் சட்டம் கோணல். கோணலாக இருக்கட்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

உரித்துப் பார்த்தாள். சதுரம் தொட்ட எண்தான் பளிச்சென்று இருந்தது.

"என்ன, என் தலையில கட்டறதுக்கு ஏதாவது கிடைச்சுதா?"

தடுப்புக்குப் பக்கத்தில் எக்ஸ்ரே அக்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"இல்லக்கா" என்றாள் படக்கா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "நீங்க நல்லாத்தான் எடுத்திருக்கீங்க. கொஞ்சம் மோசமா எடுத்திருக்கக் கூடாதா?"

எக்ஸ்ரே அக்காவுக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. வந்து முக்காலியில் உட்கார்ந்து, படக்கா அழுது முடிக்கிறவரை அந்த டேப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூக்கைத் துடைக்கக் கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துக் கொடுத்தாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

சாயங்காலம் படக்கா கடைக்குப் போனபோது தையல்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு உள்ளே இருந்தார். வலது கட்டைவிரலை உள்ளங்கையோடு மடக்கி ஒரு துணிப்பட்டையால் கட்டியிருந்தார். மிச்ச நான்கு விரல்களை மட்டும் கத்தரிக்கோலில் நுழைத்து, பழைய துணியொன்றைக் கத்தரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோடு ஒரு பக்கமும் கத்தரி ஒரு பக்கமுமாகப் போயிருந்தது. கீழே கிடந்த துண்டுகளைப் பார்த்தால் அன்று மத்தியானம் முழுக்க இதுதான் நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

"இந்தா, வந்துட்டியா" என்றார். "ஒண்ணும் பிரமாதமில்ல. சட்டைக்கு ஒரு கை நீளம், ஒரு கை குட்டைன்னு தெச்சா புது மோஸ்தர்னு சொல்லி வித்துடலாம்."

படக்காவால் சிரிக்க முடியவில்லை. கட்டை அவிழ்த்துவிட்டாள். விரல் சிவந்திருந்தது.

"இடது கையால வெட்டிப் பழகிக்கலாங்க" என்றாள்.

"பழகலாம். இந்த வயசுல எல்.கே.ஜி.லேருந்து ஆரம்பிக்கணும், அவ்வளவுதான்." கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தவர், "போன வாரம் அந்த எக்ஸ்ரேக்காரம்மா பிடிச்சு அமுக்கினாங்க பாரு, அப்பவே பாதி விரல் போயிடுச்சுன்னு நினைச்சேன். கம்பி நேரா புள்ளி மேலயே ஏறிடுச்சு. உயிரே போச்சு. நீன்னா பஞ்சு வெச்சு எடுப்பே" என்றார்.

படக்கா அவருடைய கையைப் பிடித்தபடியே நின்றாள். காதில் விழுந்தது மனதில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பஞ்சு வைத்துத்தான் எடுத்தாள். ஒரு தடவையில்லை, ஐந்து தடவையும். முதல் நாள் கம்பி பட்டதும் அவர் 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடித்தார். மனசு கேட்கவில்லை. டப்பாவிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து, கம்பிக்கும் விரலுக்கும் நடுவே மெத்தை மாதிரி வைத்தாள். அவர் முகம் தெளிந்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வேறு யாருக்கும் அவள் அப்படி வைத்ததில்லை. குழந்தைகள் அலறினாலும், பெரியவர்கள் திட்டினாலும், கம்பியைத் தோலில் அழுத்திவிட்டுத்தான் பொத்தானைத் தொடுவாள். தன் வீட்டுக்காரருக்கு மட்டும் பஞ்சு. தீக்குச்சிக் கனம் தள்ளினாலே போச்சு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், சொந்தப் புருஷன் விரலுக்கு இரண்டு தீக்குச்சிக் கனம் பஞ்சை வைத்திருக்கிறாள், அது ஃபோகஸைக் கெடுக்கும் என்று ஒரு நாள்கூட அவளுக்குத் தோன்றவில்லை. பாசம் வந்துவிட்டால் இப்படித்தான், இருக்கிற புத்தி கொஞ்சமும் ஓரமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவு படுத்தாள், அவ்வளவுதான், தூங்கினாள் என்று சொல்ல முடியாது. படங்கள் ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடந்தன. பார்க்காமல் எதுவும் நிச்சயமில்லை.

விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பெருக்குகிற ஆயாகூட அப்போதுதான் துடைப்பத்தைக் கையில் எடுத்திருந்தாள். முதல் படத்தை விளக்கடியில் வைத்துப் பூதக்கண்ணாடியைப் பிடித்தாள். நேற்று ஆறாவது படத்தில் எண்ணிவிடலாம் போல் தெரிந்த விரல் ரேகைகள் இதில் இல்லவே இல்லை. விரல் மெழுகில் செய்த மாதிரி வழவழவென்று இருந்தது. படத்தின் மூலையில் மட்டும் ஒரு பஞ்சு இழை எட்டிப் பார்த்தது. அந்த இழை அத்தனை கூர்மையாக, அதன் முறுக்குகூடத் தெரிகிற அளவுக்கு இருந்தது. அடுத்த படத்திலும், அதற்கடுத்ததிலும் அப்படியே. ஃபோகஸ் முழுக்கப் பஞ்சின் மேல் விழுந்திருக்கிறது. விரலின் மேல் விழவேயில்லை. மாதக்கணக்காக டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது புள்ளியின் விளிம்பையில்லை, மங்கலில் விளிம்பு மழுங்கின வட்டத்தை.

அப்படியானால் புள்ளி ஒரே மாதத்தில் பல் முளைத்துப் பரவவில்லை. முதல் நாளிலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். படக்காவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷத்தில் கை கால் ஓடவில்லை. அடுத்த நிமிஷமே, 'இருந்திருக்க வேண்டும்' என்பது அவளுடைய ஆசைதானே தவிர வேறில்லை என்று உறைத்தது. உருண்டையாக இருந்து இந்த மாதம்தான் பரவியிருந்தாலும் பழைய மங்கலில் இதே மாதிரிதான் தெரிந்திருக்கும்.

டாக்டரம்மா வருகிறவரை வாசலில் நின்றாள். தையல்காரரும் ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைக்காக வந்து சேர்ந்தார். இருவரும் உள்ளே போனார்கள். படக்கா உட்காரவில்லை. நின்றபடியே, நெளியாமல், பஞ்சிலிருந்து ஆரம்பித்துப் பஞ்சிழை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

டாக்டரம்மா ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அந்த மூலையை மட்டும் பார்த்தார்.

"நீ வேற யாருக்காவது இப்படிப் பண்ணியிருக்கியா?"

"இல்லங்கம்மா. இவருக்கு மட்டும்தான்."

"கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்தேனே, எனக்கும் தெரியாமப் போச்சே" என்றார் டாக்டரம்மா, தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்தார். "சரி, இப்ப என்ன ஆச்சு? ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு ஒண்ணுமே இல்லைன்னு ஆச்சு. வளர்ந்துச்சா வளரலையான்னு தெரியாது. தெரியாதப்போ நான் வெட்டற பக்கம்தான் நிப்பேன். நீ உண்மையைச் சொன்னதால நாளைக்கு நடக்கப்போறது மாறாது."

விரலை எப்படியாவது காப்பாற்றப் படக்கா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "அதே மாதிரி பஞ்சு வெச்சு இன்னிக்கு ஒரு படம் எடுக்கறேங்கம்மா. அதே மங்கல்ல எடுத்தா, பழசும் புதுசும் ஒண்ணுபோல வருதான்னு பார்த்துடலாம். ஒண்ணுபோல வந்துச்சுன்னா வளரலைன்னு அர்த்தம்."

டாக்டரம்மா அதை யோசித்தார். "எவ்வளவு பஞ்சு வெச்சே?"

படக்கா கையைப் பிசைந்தாள். பிய்த்தது பிய்த்தபடி வைத்ததுதான். அளவெல்லாம் ஏது?

"அதான் சொல்றேன். கம்மியா வெச்சா பல் பல்லாத் தெரியும். நிறைய வெச்சா எந்தப் புள்ளியும் உருண்டையாத்தான் தெரியும். உன் கை உன் ஆசை இழுக்கிற பக்கம்தானேம்மா போகும்?"

அது நிஜம். அந்த யோசனை வந்த கணத்திலேயே, கொஞ்சம் கனமாகவே வைத்துவிடலாம் என்று மனசு ஓர் ஓரத்தில் சொல்லியிருந்தது. அப்படி வைத்துப் படமும் உருண்டையாக வந்து, விரல் தப்பி, ஒரு வருஷம் கழித்து ஆளே போய்விட்டால்?

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த தையல்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"நடுவுல பேசறேன்னு நினைக்காதீங்க. டேப் பிடிக்கறப்போ எப்பவும் மாறாத இடத்துலேருந்துதான் பிடிப்போம். தோள் எலும்புலேருந்து பிடிப்போம், தொப்பையிலேருந்து பிடிக்க மாட்டோம். என் விரல்ல ஒரு மாறாத இடம் இருக்கு." கட்டைவிரலை விளக்குக்கு நேராக நீட்டினார். கறுப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு கீறல் தழும்பு இருந்தது. "சின்ன வயசுல மெஷின் ஊசி ஏறினது. இது வளரவும் வளராது, தேயவும் தேயாது. பழைய படத்துலயும் இருக்கும் பாருங்க."

இருந்தது. ஆறாவது படத்தில் தலைமுடி மாதிரி மெல்லிசாக. முதல் படத்தில் சாக்குக் கட்டியால் இழுத்த கோடு மாதிரி தடியாக.

"தழும்பு அதே அளவு தடிக்கிற வரைக்கும் பஞ்சை மாத்தி மாத்தி வையுங்க. புள்ளியை யாரும் பார்க்கக் கூடாது. தழும்பு சரியா வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

டாக்டரம்மாவின் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "படக்கா கேமராவைத் தொட வேண்டாம்" என்றார். "எக்ஸ்ரே அக்காவைக் கூப்பிடுங்க."

எக்ஸ்ரே அக்கா வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "பஞ்சு வெச்சியா?" என்று படக்காவை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆறு மாதத்துக்குத் தேவையான திட்டு இருந்தது. வேறெதுவும் சொல்லாமல் கேமராவை எடுத்துக்கொண்டாள். படக்காவுக்குக் கிடைத்த வேலை விளக்கைப் பிடிப்பது.

மெல்லிசாகப் பஞ்சை வைத்து ஒன்று எடுத்தார்கள். எக்ஸ்ரே அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று தாளை உரித்தாள், புள்ளி இருக்கிற இடத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டினாள், டாக்டரம்மாவிடம் நீட்டினாள். டாக்டரம்மா தழும்பை மட்டும் அந்த முதல் மாதப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "இன்னும் மெல்லிசா இருக்கு." அடுத்ததில் பஞ்சு கூடிப்போய்த் தழும்பே கரைந்துவிட்டது. கேமராவில் இன்னும் கொஞ்சம் தாள்தான் மிச்சமிருந்தது. புதுப் பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. படக்காவின் கையில் விளக்கு ஆடியது. "ஆட்டாதே" என்று எக்ஸ்ரே அக்கா அதட்டினாள். தையல்காரர் மட்டும், "விரல் பாவம், கல்யாணப் பொண்ணு மாதிரி இன்னிக்கு எத்தனை போட்டோ" என்றார். சொன்னவருடைய நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

அதற்கடுத்த படத்தைத்தான் டாக்டரம்மா வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். தழும்பைப் பார்த்தார், பழைய படத்தைப் பார்த்தார், மறுபடி தழும்பைப் பார்த்தார். ஒரு சின்ன அளவுகோலை வைத்து இரண்டையும் அளந்தார். "இதுதான்" என்றார். "இதுக்கு மேல ஒண்ணுபோல வராது."

காகிதத் துண்டைப் பிய்க்க நகத்தைக் கொடுத்தார். படக்கா கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை வருஷமாக மங்கலைக் கண்டால் கிழித்துக் குப்பையில் போட்டவள், மங்கலாகவே இரு, உருண்டையாகவே இரு என்று ஒரு படத்தைக் கெஞ்சிக்கொண்டு நின்றாள். தாள் மேசையில் உரசுகிற சத்தம் கேட்டது, ஒரு தடவை, இரண்டு தடவை, மறுபடியும். கண்ணைத் திறந்தாள்.

டாக்டரம்மா இரண்டு படங்களையும் இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். தலைகீழாக வைத்துப் பார்த்தார். பக்கத்தில் வைத்தார், ஒன்றின் மேல் ஒன்று வைத்தார். கடைசியில் திகைத்துப்போய் நிமிர்ந்தார்.

"இதுல இன்னிக்கு எடுத்தது எது?" என்று கேட்டார். "எனக்குக் குழம்பிப்போச்சு."

எக்ஸ்ரே அக்கா வாங்கிப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. எது இன்னும் ஈரமாக ஒட்டுகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அப்போதுதான் தையல்காரர் அழுதார். முந்தின நாளிலிருந்து வேடிக்கை பேசிக்கொண்டிருந்த மனுஷர், கட்டைவிரலை இடது கைக்குள் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினார். படக்கா விளக்கைக் கீழே வைத்துவிட்டு அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. குரல் கடுமையாக இருந்தாலும் அவரும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "இது நல்லதுன்னு நான் சொல்லல. வளரலைன்னு மட்டும் சொல்றேன். நாளைக்கு வெட்ட வேண்டாம். ஆனா விளிம்பு இப்படி இருக்கிறதால மாசா மாசம் பத்தாது, வாரா வாரம் வரணும். ஒரு நூலளவு நகர்ந்தாலும் எடுத்துடுவேன், அப்போ யாரும் என்கிட்ட அழக் கூடாது. அதுக்கு இன்னிக்குத் தேதியில சுத்தமா, கூர்மையா ஒரு படம் வேணும். இனிமே அதை வெச்சுத்தான் எல்லாம்."

எக்ஸ்ரே அக்கா கேமராவைத் தூக்கினாள். படக்கா கையை நீட்டினாள்.

"நான் எடுக்கறேன்க்கா."

எக்ஸ்ரே அக்கா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா படக்காவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

படக்கா துருத்தியை இழுத்து லென்ஸ் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். கணவரின் கையைப் பிடித்து மேசையில் மல்லாத்தி வைத்தாள். கம்பிச் சதுரத்தைக் கறுப்புப் புள்ளியைச் சுற்றி வைத்து அழுத்தினாள். கம்பி சதையில் பதிந்தது. அவர் 'ஸ்ஸ்' என்று பல்லைக் கடித்து, கையைப் பின்னால் இழுக்கப் பார்த்தார். அவள் மணிக்கட்டை விடவில்லை.

"ஏய், வலிக்குது."

"தெரியுதுங்க" என்றாள் படக்கா. சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.